குடல் கெடுவது கூளத்திலிருந்து

கல்லாவிப் பக்கம் கறிக்கோழி வளர்க்கிறவர்களைக் கேட்டால், கழிச்சலுக்குத் தீவனத்தைத்தான் குறை சொல்வார்கள். ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தருவது. கொட்டகை, தண்ணீர், ஆள், கூளம் நம்முடையது. நம் கையில் இருக்கிற அந்தக் கூளத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நான் எந்தக் கொட்டகைக்குள் போனாலும் முதலில் ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கையை விரித்த பிறகும் உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். லேசாகச் சேர்ந்து உதிர்ந்தால் சரி. தூசியாகப் பறந்தாலும் ஆகாது, மூச்சுக்குழாய் கெடும்.

ஈரத்துக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்? ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியான ஐமீரியாவின் முட்டை எச்சத்தில் வெளியே வந்தவுடன் நோய் தராது. ஈரம், காற்று, சூடு மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முற்றிவிடும். கோழியோ கூளத்தைக் கொத்திக்கொண்டேதான் இருக்கும். உள்ளே போனது குடல்சுவரைக் குடைகிறது. புண்ணான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா பெருகுகிறது. செரிக்காத புரதம் தங்கினால் அதற்குக் கொண்டாட்டம். கழிச்சல் கூடும், கூளம் இன்னும் நனையும், அடுத்த கோழிக்கு வரும். (நாளைக்குச் சில தடவை பழுப்பாக, பசையாக எச்சம் போடுவது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம்.)

தீவனத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. சொந்தமாக அரைக்கிறவர்கள் கருவாட்டுத் தூளில் இருக்கும் உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். உப்பு கூடினால் கோழி தண்ணீரைக் குடித்துக் குடித்து நீராகக் கழியும். கோதுமை அதிகமானால் குடலில் பசை கட்டும். மக்காச்சோளத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் பூஞ்சணம் பிடித்த சோளமும் கடலைப் புண்ணாக்கும் ஈரலையே கெடுத்துவிடும். எல்லாவற்றையும் மாவாக்காமல் கொஞ்சம் நொய்யாக விட்டால் அரைவைப்பை வலுப்படும், செரிமானம் கூடும்.

கூளத்துக்கு நெல் உமி, கடலைத்தோல், தேங்காய் நார்க்கழிவு எது மலிவோ அது போதும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பூஞ்சணம் கூடாது. 2, 3 அங்குலம் பரப்பி, நாள் தவறாமல் கிளறுங்கள். தண்ணீர்த் தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருந்தால் சிந்தாது. கட்டி பிடித்ததை அள்ளி வெளியே போடுங்கள். "சுண்ணாம்பு தூவினா சரியாப் போயிடும்ணா" என்பார்கள். ஈரக் கூளத்தில் தூவினால் அமோனியா நெடிதான் கிளம்பும்.

குடலைக் காக்க என்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சி ஊக்கி வகையில் 2006இலேயே நிறுத்தியது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கால்நடை, கோழித் தீவனத்தில் சேர்க்க இந்தியா 2019இல் தடை போட்டது. கோழி வளர்க்காத நமக்கும் இதில் வேலை இருக்கிறது. அந்தக் கூளம்தான் கோழி எருவாக நம் கேழ்வரகுக்கும் தக்காளிக்கும் வண்டி வண்டியாக வருகிறது. கோழிக்குக் கொடுத்த மருந்தில் ஒரு பங்கு எச்சத்தோடு அதில் சேரும். எருவுக்கு விலை பேசும் முன் கொட்டகைக்காரரிடம் கேளுங்கள்: "போன பேட்சுக்கு என்ன மருந்து போட்டீங்க?"