லைம்சர்வே படிவத்தைப் புதுப்பிக்கத் திட்டமிடுவது எப்படி?

செராஸில் ஒரு குடியிருப்போர் சங்கமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆண்டுதோறும் மூன்று மொழிகளில் கருத்தாய்வு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது லைம்சர்வே என்ற இணையக் கருத்தாய்வு மென்பொருள். ஒரு கூட்டத்தில் யாராவது "படிவம் பழசா இருக்கு, மாத்திடலாம்" என்பார். அடுத்த அரை மணி நேரம் நிறத்தையும் சின்னத்தையும் பற்றியே பேச்சு ஓடும். அங்கேதான் நிறுத்த வேண்டும்.

லைம்சர்வே, 2003இல் ஆஸ்திரேலியரான ஜேசன் கிளீலண்ட் 'பிஎச்பி சர்வேயர்' என்ற பெயரில் தொடங்கியது. 2007இல் பெயர் மாறியது. இப்போது ஜெர்மனியின் ஹம்பர்க்கிலிருந்து வருகிறது. மூலநிரல் திறந்தே இருக்கிறது, யாரும் எதையும் மாற்றலாம். எதையும் மாற்றலாம் என்பதால்தான் எதை மாற்றக்கூடாது என்று முதலில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

1. பதில் அளிப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்

சென்ற ஆண்டின் பதில்களை எக்செலுக்கு இறக்குங்கள். முடிக்காத பதில்களையும் சேர்த்து இறக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 'சப்மிட்டேட்' பத்தி காலியாக இருந்தால் அவர் பாதியில் போனவர். 'லாஸ்ட்பேஜ்' பத்தியில் அவர் கடைசியாக எட்டிய பக்க எண் இருக்கும். 'ஸ்டார்ட்லாங்குவேஜ்' பத்தியில் எந்த மொழியில் தொடங்கினார் என்பது இருக்கும்.

இந்த மூன்றையும் சேர்த்து ஒரு பிவட் அட்டவணை போடுங்கள். மலாயில் தொடங்கியவர்கள் கடைசிவரை வந்து, தமிழில் தொடங்கியவர்கள் மூன்றாம் பக்கத்திலேயே கழன்றிருந்தால், கோளாறு நிறத்தில் இல்லை. அந்தப் பக்கத்தின் தமிழில் அல்லது அது திரையில் விழும் விதத்தில் இருக்கிறது. எல்லா மொழிக்காரர்களும் ஒரே பக்கத்தில் நின்றிருந்தால் கேள்வியே தவறு. எல்லாக் கேள்விகளையும் ஒரே பக்கத்தில் போட்டிருந்தால் இந்தக் கணக்கு எதையும் சொல்லாது. அடுத்த முறை கேள்விக்குழு வாரியாகப் பக்கம் பிரியுங்கள். நேரப் பதிவையும் ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே இயக்கி வையுங்கள்.

2. நம் ஊருக்குப் பொருந்தாத கேள்விகளைத் திருத்துங்கள்

"எங்கே வசிக்கிறீர்கள்?" என்று கேட்டு 'செராஸ்' என்று பதில் வாங்கினால் பாதித் தகவல்தான் கிடைக்கும். தாமான் மிடாவும் தாமான் கன்னாட்டும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கீழ் வருகின்றன. பத்து 9 செராஸோ சிலாங்கூரில், காஜாங் நகராண்மைக் கழகத்தின் எல்லையில் இருக்கிறது. குப்பை அள்ளவில்லை என்ற புகாரை யாரிடம் கொண்டுபோவது என்பது இதைப் பொறுத்தது. அஞ்சல் குறியீட்டைக் கேளுங்கள்: 56000, 56100 என்றால் கோலாலம்பூர்; 43200 என்றால் சிலாங்கூர்.

அடுத்தது பெயர். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் நமக்கு ஒத்துவராது. ஒரே கட்டம் போதும். அதில் சரிபார்ப்பு விதி ஏதாவது இருந்தால் சாய்கோட்டை ஏற்கிறதா என்று பாருங்கள். 'ஏ/எல்', 'ஏ/பி' என்று அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுகிறவரிடம் "தவறான எழுத்து" என்று சிவப்பில் காட்டும் படிவத்துக்கு எந்த அலங்காரமும் உதவாது.

அடையாள அட்டை எண் வேண்டவே வேண்டாம். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் பாலினம். கசிந்தால் எல்லாமே போயிற்று. வயதுப் பிரிவு தேவையென்றால் வயதுப் பிரிவையே கேளுங்கள்.

இவ்வளவு திருத்தினாலும் கேள்விகளின் குறியீடுகளை மட்டும் தொடாதீர்கள். அவை மாறினால் சென்ற ஆண்டோடு ஒப்பிடும் வேலை உங்கள் தலையில் விழும்.

3. தோற்றக் கருவோடு நிறுத்துங்கள்

லைம்சர்வேயில் தோற்றத்துக்கென்று 'தீம்' என்ற தோற்றக் கரு தனியாக இருக்கிறது. உள்ளே வரும் தீமை நேரடியாகத் திருத்தாமல், அதை 'எக்ஸ்டெண்ட்' செய்து உங்கள் பெயரில் ஒரு கிளைத் தீமை உருவாக்குங்கள். மூலக் கோப்புகளில் கைவைத்தால், அடுத்த பதிப்பைப் போடும் நாளில் உங்கள் வேலை அழிந்துவிடும்.

இந்தப் பாடத்தை அந்த மென்பொருளின் வரலாறே தருகிறது. 3ஆம் பதிப்பு டிவிக் என்ற புதிய வார்ப்புரு முறைக்கு மாறியபோது, 2ஆம் பதிப்புக்குச் செய்த பழைய வார்ப்புருக்கள் அப்படியே ஓடவில்லை. மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே கிளைத் தீமில் எவ்வளவு குறைவாக மாற்றுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

4. கைத்தொலைபேசியில் தமிழைச் சோதியுங்கள்

புலனத்தில் வந்த இணைப்பைத் தட்டித்தான் பெரும்பாலோர் படிவத்துக்கு வருவார்கள். மலாயில் 'சங்காட் செத்துஜு' சின்னக் கட்டத்தில் அடங்கிவிடும். 'முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்' அடங்காது. இப்படி ஐந்து தலைப்புகளை வரிசையாகப் போட்ட அட்டவணைக் கேள்வி சிறிய திரையில் படாத பாடு படும். அட்டவணையை உடைத்துத் தனித்தனிக் கேள்விகளாக்குங்கள், அல்லது 'ஆம்', 'ஓரளவு', 'இல்லை' என்று சுருக்குங்கள்.

எழுத்துருவுக்காகப் பெரிய கோப்பு எதையும் ஏற்ற வேண்டியதில்லை. ஐபோனில் உள்ள தமிழ்ச் சங்கம் எம்என் எழுத்துரு நம் நாட்டு முத்து நெடுமாறனின் கைவண்ணம். ஆண்ட்ராய்டில் நோட்டோ இருக்கிறது. வரி இடைவெளியை மட்டும் கூட்டுங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த இடைவெளியில் மேல்வரியின் கால் கீழ்வரியின் கொம்பில் இடிக்கும்.

5. அறிவிப்பும் அனுமதியும்

2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. சங்கம் அதற்குள் வராவிட்டாலும் அதன் ஒழுங்கைப் பின்பற்றுவது நல்லது. அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தமிழில் படிவம் கொடுத்துவிட்டு அறிவிப்பைத் தமிழில் தராமல் விடுவது நியாயமில்லை. பதிலாளர் பெயரை மறைக்கும் அமைப்பை ஆய்வு தொடங்கும் முன்பே தீர்மானியுங்கள். தொடங்கியபின் மாற்ற முடியாது.

6. ஆட்களை வைத்துப் பாருங்கள்

5 பேரைச் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். வேறுவேறு வகைப் பயனர்கள் என்றால் ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பேர் வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. ஆகவே மொழிக்கு மூன்று பேர். புதன்கிழமை தாமான் கன்னாட் இரவுச் சந்தையில் ஆட்களைப் பிடித்து நிறுத்திக் கேட்பது உதவாது, யாரும் நிற்க மாட்டார்கள். வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ உட்காரவைத்து, அவரவர் கைத்தொலைபேசியிலேயே நிரப்பச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு பாருங்கள். உதவ நினைத்துக் கைகாட்டினால் சோதனை கெட்டது.

சோதனையைப் படிவத்தின் நகலில் நடத்துங்கள். அசலைத் தொடங்கிவிட்டால் பிறகு புதுக் கேள்வி சேர்க்க முடியாது.

7. திருத்தத்தை மூலத்துக்கே அனுப்புங்கள்

'அடுத்து', 'சமர்ப்பி' போன்ற பொத்தான்களின் தமிழ் சரியில்லையென்றால், உங்கள் சர்வரில் உள்ள மொழிக்கோப்பை மட்டும் திருத்தி வைக்காதீர்கள். அடுத்த பதிப்பு அதை மேலெழுதிவிடும். லைம்சர்வேயின் மொழிபெயர்ப்புத் தளத்தில் பதிந்து திருத்தத்தை அங்கேயே கொடுங்கள். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. சங்கத்தில் தமிழாசிரியர் ஒருவர் இருந்தால் அவரை இந்த வேலையில் உட்காரவையுங்கள்.