வேலை கேட்டுப் போனவர் மாணவரானார்

கேள்வி: ஃபேஷன் டிசைன் முதுகலையில் மாணவர்கள் கடைசியாகச் செய்யும் கலெக்‌ஷனுக்கு ஏன் இத்தனை பேச்சு? தைக்கத் தெரிந்தவருக்கு அந்தப் படிப்பு தேவையா?

பதில்: ஃபேஷன் டிசைனர் அலெக்ஸாண்டர் மெக்வீனை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் டாக்ஸி ஓட்டுநரின் மகன். 16 வயதில் பள்ளியை விட்டு, சாவில் ரோ தெருவின் கோட்டுக் கடைகளில் தையல் பழகியவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரிக்கு அவர் போனதே பேட்டர்ன் வெட்டச் சொல்லித்தரும் வேலை கேட்டுத்தான். முதுகலைப் பிரிவை நடத்திவந்த பாபி ஹில்சன் வேலை தரவில்லை, மாணவராகச் சேர்த்துக்கொண்டார். இளங்கலைப் பட்டம் இல்லாதவரை! கட்டணத்துக்கு உறவுக்காரப் பெண்மணி ஒருவர் உதவினார்.

1992-ல் படிப்பின் முடிவில் மெக்வீன் காட்டிய கலெக்‌ஷனின் கரு, 19-ம் நூற்றாண்டு லண்டனைக் கலக்கிய கொலைகாரன் ‘ஜாக் தி ரிப்பர்’. உடையில் மனிதத் தலைமுடியைக்கூடச் சேர்த்திருந்தார். (எனக்கு அது கொஞ்சம் அருவருப்புதான்.) ஆனால் வெட்டில் பிசிறில்லை. இசபெல்லா ப்ளோ என்ற ஃபேஷன் பத்திரிகையாளர் மொத்தத்தையும் 5,000 பவுண்டுக்கு வாங்கினார், அதுவும் தவணையில்.

கைத்திறன் மெக்வீனிடம் முன்பே இருந்தது. அதை வைத்து என்ன சொல்லப்போகிறோம் என்று தேட அவகாசமும், கறாராகக் கேள்வி கேட்கும் ஆசிரியர்களும், பார்க்கவேண்டியவர்கள் வந்து பார்க்கும் மேடையும் கல்லூரியில் கிடைத்தன.

முதுகலைதான் வழி என்றும் இல்லை. 1993-ல் அதே கல்லூரியில் இளங்கலை முடித்த ஹுசைன் சலாயன், உடைகளை இரும்புத்தூளோடு மண்ணில் புதைத்து, துருவேறியபின் எடுத்துக் காட்டியே பேர் வாங்கிவிட்டார்.

கடன் வாங்கிச் சேர்வதாக இருந்தால், இறுதிக் காட்சிக்கு யாரெல்லாம் வருகிறார்கள், துணிச் செலவு யார் தலையில் என்று முதலில் விசாரியுங்கள்.