‘ராடு வைக்கணும்’னு டாக்டர் சொன்னால்... எலும்பு முறிவு சிகிச்சை பற்றித் தெரிந்துகொள்வோம்

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். சாப்பாட்டுத் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். சாயங்காலம் அதே வழியில் திரும்புகிறார்கள். மழைக் காலத்தில் தோட்டத்துச் சரிவு வழுக்கும். மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து பண்ண உயரத்தில் ஏற வேண்டியிருக்கும். வளைவில் டூ வீலர் சறுக்கும். இப்படி ஏதோ ஒன்றில் கால் எலும்பு முறிந்துவிட்டால், வீட்டில் எழுகிற முதல் கேள்வி, “எத்தனை மாசம் வேலைக்குப் போக முடியாது?” என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர், “உள்ளே ராடு வைக்கணும்” என்பார். உடனே கூட வந்த உறவுக்காரர் ஒருவர், “எலும்புக்குள்ள கம்பியா? வேணாம்ணே, கட்டு கட்டிப் பாத்துக்கலாம்” என்பார். முடிவெடுக்க வேண்டிய நேரம் குறைவு. ஆனால் அந்த ராடு என்ன செய்யும், என்ன செய்யாது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

ராடு என்பது என்ன?

தொடை எலும்பும், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பும் மூங்கில் மாதிரி நடுவில் குழலாக இருப்பவை. அந்தக் குழலுக்குள் மஜ்ஜை இருக்கிறது. முறிந்த இரண்டு துண்டுகளையும் நேராக்கி, அந்தக் குழலுக்குள் நீளமான உலோகக் கம்பி ஒன்றைச் செருகி நிறுத்துவதுதான் இந்தச் சிகிச்சை. டாக்டர்கள் இதை ‘நெயில்’, அதாவது ஆணி என்பார்கள். நம் பேச்சில் ‘ராடு’. துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியத்தில் செய்யப்படுகிறது. மேலும் கீழும் குறுக்காகத் திருகுகள் போட்டுப் பூட்டுவார்கள். அப்போதுதான் கால் குட்டையாகாது, பாதம் ஒரு பக்கமாகத் திரும்பாது.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ராடு எலும்பை ஒட்ட வைப்பதில்லை. ஒட்டுவது எலும்பின் சொந்த வேலை. அது ஒட்டி முடிக்கும்வரை நேராகப் பிடித்துக்கொண்டு, நம்மை எழுந்து நடமாட விடுவதுதான் ராடின் வேலை. இது புரிந்துவிட்டால் பாதிப் பயமும் போய்விடும், ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கிற பாதித் தவறுகளும் நடக்காது.

85 ஆண்டுகளுக்கு மேலான அனுபவம்

ஒரு காலத்தில் தொடை எலும்பு முறிந்தால், காலில் எடையைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்க வேண்டும். 1939 நவம்பரில் ஜெர்மனியின் கீல் நகரில், கெர்ஹார்ட் கூன்ட்ஷர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் முதன்முதலாக ஒரு நோயாளியின் தொடை எலும்புக்குள் இப்படி ஆணி செலுத்தினார். 1940-ல் பெர்லினில் நடந்த மாநாட்டில் அவர் இதை விளக்கியபோது சக டாக்டர்களில் பலர் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் பிடிபட்டிருந்த போர்க் கைதிகள் ஊர் திரும்பியபோது, அவர்களுடைய எக்ஸ்ரேயில் இந்த ஆணியைக் கண்டு மற்ற நாட்டு டாக்டர்கள் வியந்தார்கள். திருகு போட்டுப் பூட்டும் முறை 1970-களில் வளர்ந்தது. இன்று உலகம் முழுவதும் பெரியவர்களின் தொடை எலும்பு நடுவில் முறிந்தால் முதலில் யோசிக்கிற சிகிச்சை இதுதான்.

ஆபரேஷன் எப்படி நடக்கிறது?

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். தொடை எலும்பு என்றால் பொதுவாக இடுப்புப் பக்கத்திலும், கீழ்க்கால் எலும்பு என்றால் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயும் சின்னதாகக் கீறி வழி செய்வார்கள். நகரும் எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டே முதலில் மெல்லிய வழிகாட்டிக் கம்பி, பிறகு அதன் மேலாக ராடு, கடைசியில் திருகுகள்.

பெரும்பாலான முறிவுகளில், முறிந்த இடத்தைத் திறக்கவே தேவையிருக்காது. “அறுத்தா ஒட்டாது” என்ற பயத்துக்கு இதுதான் பதில். முறிந்த இடத்தில் கட்டியிருக்கும் ரத்தமும், சுற்றியுள்ள ரத்த ஓட்டமும் புது எலும்பு உருவாக உதவுகின்றன. அவற்றைக் கலைக்காமல் உள்ளே தாங்கல் கொடுப்பது இந்த முறையின் பெரிய பலம்.

எல்லா முறிவுக்கும் ராடு கிடையாது. மூட்டுக்குள் போகும் முறிவுக்குப் பிளேட்டும் திருகும் தேவைப்படலாம். வளரும் குழந்தைகளின் எலும்பு முனையில் வளர்ச்சிப் பகுதி இருப்பதால், அவர்களுக்கு மாவுக்கட்டு அல்லது வளையும் தன்மையுள்ள மெல்லிய கம்பிகள். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த தாத்தா, பாட்டிகளுக்கு அதற்கென்றே தனி வடிவ ராடு உண்டு.

கட்டு கட்டினால் போதாதா?

ஆந்திராவின் புத்தூர் கட்டு முதல் உள்ளூர் வைத்தியர் கட்டு வரை நம் மக்களுக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் தொடையைச் சுற்றியுள்ள தசைகள் மிகவும் பலமானவை. முறிந்த துண்டுகளை அவை ஒன்றின் மேல் ஒன்று ஏற இழுத்துவிடும். வெளியே எவ்வளவு கட்டினாலும் அந்த இழுப்பைத் தடுப்பது கடினம். கோணலாகவோ குட்டையாகவோ ஒட்டிய காலோடு ஏலக்காட்டுச் சரிவில் சுமை தூக்க முடியுமா?

அதைவிடப் பெரிய ஆபத்து, வீங்குகிற காலில் இறுக்கிக் கட்டுவது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றால், சில மணி நேரத்திலேயே தசை செத்துப்போகும். கால் விரலை அசைத்தாலே தாங்க முடியாத வலி, கல் மாதிரி இறுகிய கெண்டைக்கால், விரல் மரத்துப்போவது, விரல் சில்லிட்டு வெளுப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கட்டைத் தளர்த்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முதல் சில மணி நேரம்

மூடிய காயமாக இருந்தாலும், தொடை எலும்பு முறிவில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தம் தொடைக்குள்ளேயே கசியலாம். பெரியவர் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான். மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலைப் பாதிப்பதும் உண்டு. அடிபட்டு 1 முதல் 3 நாளுக்குள் மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு வந்தால் அதுவாக இருக்கலாம். ஒருவரின் உடல்நிலை தாங்கும் என்றால், 24 மணி நேரத்துக்குள் தொடை எலும்பை நிலைப்படுத்துவது நல்லது. தாமதித்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல்கள் அதிகம் என்று 1989-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் அவசரம் இன்னும் கூடுதல். இப்படிப்பட்ட காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்க, கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை டாக்டர்கள் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2006-ல் வெளியிட்டார்கள். மதிப்பெண் ஏற ஏற, காலைக் காப்பாற்றும் வாய்ப்பு குறையும். காயத்தைச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் அதில் 2 மதிப்பெண் கூடும். சாக்கடை, பண்ணை அழுக்கு ஏறிய காயம் என்றால் இன்னொரு 2. நம் பக்கத்துத் தோட்டங்களில் அடிபடுகிறவர்களுக்கு இந்த இரண்டுமே பொருந்தக்கூடியவை.

ஆகவே, சம்பவ இடத்தில்:

• அடிபட்டவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள். மூங்கில், பலகை, குடைக்கம்பு எது கிடைத்தாலும் காலோடு சேர்த்துத் துணியால் கட்டுங்கள். எதுவும் கிடைக்கவில்லையென்றால் அடிபட்ட காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டுங்கள். இறுக்க வேண்டாம்.
• வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். காப்பித்தூள், மஞ்சள், மண் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடுங்கள். ரத்தம் கொட்டினால் அந்தத் துணியின் மேலேயே அழுத்திப் பிடியுங்கள்.
• “கொஞ்சம் டீ குடிங்கக்கா” என்று கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.
• 108-ஐ அழைத்ததும் இடத்தைச் சொல்லுங்கள். எல்லைப் பகுதி என்பதால் தமிழ்நாட்டுப் பக்கமா, கேரளப் பக்கமா, எத்தனையாவது வளைவு, எந்தத் தோட்டம் என்று தெளிவாகச் சொல்வது அவசியம்.
• உதவி செய்தால் கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்பட வேண்டாம். சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

போடி அரசு மருத்துவமனையில் முதலுதவி பெற்று, மேல்சிகிச்சைக்குத் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பாதிப்பு மிகப் பெரிதென்றால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.

செலவுக்கு என்ன வழி?

எந்தத் திட்டம் பொருந்தும் என்பது அடிபட்ட விதத்தையும் இடத்தையும் பொறுத்தது.

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து என்றால், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் கிடைக்கும். 81 வகைச் சிகிச்சை முறைகளோடு, ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கிய திட்டம் இது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. காப்பீட்டு அட்டையும் கட்டாயமில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் வாகன விபத்து என்றால், 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் நாடு முழுவதும் பொருந்தும். குறிப்பிட்ட மருத்துவமனைகளில் 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை.

மரத்திலிருந்து விழுந்தாலோ சரிவில் வழுக்கினாலோ அது சாலை விபத்து ஆகாது. அப்போது கைகொடுப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். அடிபடுவதற்கு முன்பே பதிந்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

தோட்ட வேலையின்போது நேர்ந்த காயம் என்றால், சட்டப்படி முதலாளியிடம் இழப்பீடு கோரவும் வழி உண்டு. பொதுவாக 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டுகள்தான் ஆதாரம்.

ஆபரேஷன் முடிந்தாச்சு, அப்புறம்?

பலரையும் ஓரிரு நாளிலேயே உட்கார வைத்து, முழங்காலை மடக்கச் சொல்வார்கள். பிறகு வாக்கர். வலிக்கிறதே என்று படுத்தே கிடந்தால் மூட்டு இறுகிவிடும், காலில் ரத்தம் உறையலாம். காலில் எவ்வளவு எடை, எப்போது கொடுக்கலாம் என்பது முறிவுக்கு முறிவு மாறும். பக்கத்துக் கட்டில்காரர் நடக்கிறார் என்று நீங்கள் நடக்கக் கூடாது.

எலும்பு ஒட்ட தொடையில் 3 முதல் 6 மாதம், கீழ்க்காலில் 4 முதல் 6 மாதம் கூட ஆகலாம். வலி குறைந்ததும் “சரியாப் போச்சு” என்று சுமை தூக்கப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் எப்படி ஒடியுமோ, அப்படித்தான் ஒட்டாத எலும்பின் முழு பாரத்தையும் மாதக்கணக்கில் தாங்கும் ராடும் திருகும் ஒடியும். எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புது எலும்பு படர்ந்திருப்பதைப் பார்த்து டாக்டர் சொன்ன பிறகே மலையேற வேண்டும். பீடி, சிகரெட் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை நோயும் கட்டுக்குள் இருக்க வேண்டும். முட்டை, பயறு, கேழ்வரகு, கீரை தினமும் சாப்பாட்டில் இருக்கட்டும்.

காய்ச்சல், தையலில் சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுத் திணறல் என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. ராடை எல்லோருக்கும் கழற்ற வேண்டும் என்பதில்லை. தொந்தரவு இருந்து கழற்றுவதாக இருந்தாலும், எலும்பு முழுதாக ஒட்டிய பிறகுதான்.

இன்றே செல்போனில் செய்ய வேண்டியவை

108 (ஆம்புலன்ஸ்), 104 (மருத்துவ ஆலோசனை), 1800 425 3993 (முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்): இந்த மூன்று எண்களையும் பதிந்துகொள்ளுங்கள். காப்பீட்டு அட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கள். சிகிச்சை பெற்றவர் வீட்டில் இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ராடின் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது அதைக் காட்டி, உள்ளே உலோகம் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

விடியற்காலை ஜீப்பில் ஏறும் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள். அடிபட்டவரை எங்கே கொண்டுபோவது என்று தெரிந்த ஒருவர் அந்த ஜீப்பில் இருந்தாலே, ஒரு கால் பிழைத்துக்கொள்ளும்.