பழைய மகிழுந்தும் கியர் எண்ணெயும்

கீழ்க்காணும் பகுதியை வாசித்திடுக.

மலேசியச் சாலைகளில் ‘கஞ்சில்’ மகிழுந்தை இன்றும் காணலாம். பெரோடுவா நிறுவனம் 1994ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய இந்தச் சிறிய மகிழுந்தின் தயாரிப்பு 2009இல் நிறைவுற்றது. மலாய் மொழியில் கஞ்சில் என்றால் சருகுமான் என்பது பொருள். பெயருக்கேற்ப உருவில் சிறியதாயினும், பல குடும்பங்களின் அன்றாடப் பயணம் இதை நம்பியே நடந்தது. இன்றும் சில குடும்பங்களில் நடக்கிறது.

இத்தகைய பழைய மகிழுந்தை வைத்திருப்போர் இயந்திர எண்ணெயைத் தவறாமல் மாற்றுவர். ஆனால், கியர் பெட்டியில் இருக்கும் எண்ணெயைப் பலர் மறந்துவிடுகின்றனர். கியர் பெட்டி பழுதடைந்தால் அதைச் சீர்செய்யும் செலவு, சில வேளைகளில் அந்தப் பழைய மகிழுந்தின் விலையையே எட்டிவிடும்.

எண்ணெயின் பணி

கையால் கியர் மாற்றும் மகிழுந்தில் எண்ணெயின் முதன்மைப் பணி பற்சக்கரங்களின் தேய்மானத்தைக் குறைப்பதாகும். தானியங்கி மகிழுந்திலோ அதன் பணி இன்னும் விரிவானது. இயந்திரத்தின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்துவது இந்த எண்ணெய்தான். தன் அழுத்தத்தால் கியரை மாற்றுவதும் அதுவே. உராய்வுத் தகடுகள் அளவோடு பற்றிக்கொள்ளவும், வெப்பம் தணியவும் அது துணைபுரிகிறது. நெரிசலில் நின்று நின்று ஓடும்போது வெப்பம் மிகுகிறது; வெப்பம் மிகுந்தால் எண்ணெய் விரைவில் தன் தன்மையை இழக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

விலை உயர்ந்த எண்ணெயே சிறந்தது என்று கருதுவது தவறு. மகிழுந்தின் கையேடு குறிப்பிடும் எண்ணெயே அதற்குப் பொருத்தமானது.

எடுத்துக்காட்டாக, கைமுறைக் கியர் எண்ணெய்களில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என இரு தரங்கள் உள்ளன. எண் பெரியது என்பதற்காக ஜிஎல்-5 எல்லா மகிழுந்துக்கும் ஏற்றதாகிவிடாது. கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதில் கந்தகச் சேர்மங்கள் மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. பழைய கியர் பெட்டிகள் பலவற்றில், கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யப் பித்தளை வளையங்கள் உள்ளன. சில வகை ஜிஎல்-5 எண்ணெய்கள் இந்த வளையங்களை அரித்துவிடக்கூடும்.

தானியங்கிக்குரிய எண்ணெய்களும் பல வகைப்படும். அவற்றுள் பெரும்பாலானவை சிவப்பாக இருக்கும். அது அடையாளத்திற்காகச் சேர்க்கப்படும் சாயமே. எனவே, நிறத்தை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. கையேடு தொலைந்துவிட்டால், எண்ணெய் அளவுக் குச்சியைப் பார்க்கலாம்; சில மகிழுந்துகளில் எண்ணெயின் வகை அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இல்லையேல் நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டறியலாம்.

மாற்றலாமா, வேண்டாமா?

“பல ஆண்டுகளாக மாற்றாத எண்ணெயை இப்போது மாற்றினால் கியர் பெட்டி கெட்டுவிடும்” என்று சிலர் அஞ்சுவர். இந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எண்ணெய் கருத்து, தீய்ந்த வாடை வீசி, கியரும் வழுக்கத் தொடங்கிய பிறகே பலர் பட்டறைக்குச் செல்கின்றனர். அப்போது உராய்வுத் தகடுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். புதிய எண்ணெயால் அவற்றை மீட்க முடியாது. பழியோ எண்ணெயின் மீது விழுகிறது. மேலும், இயந்திரத்தின் துணையுடன் அழுத்தம் கொடுத்துக் கழுவினால், உள்ளே படிந்துள்ள கசடு பெயர்ந்து நுண்ணிய வழிகளை அடைத்துவிடவும் கூடும்.

கியர் நன்றாக இயங்கும் நிலையில், வடித்துவிட்டு நிரப்பும் எளிய முறையே பாதுகாப்பானது. இம்முறையில் எண்ணெய் முழுவதும் வெளியேறாது. ஒரு முறைக்கு 40 விழுக்காடு மாறுகிறது எனக் கொண்டால், சிறிது கால இடைவெளியில் மூன்று முறை மாற்றியபின் ஏறத்தாழ 78 விழுக்காடு புதிய எண்ணெயாகிவிடும்.

மாற்றும் முறை

மகிழுந்தைச் சமதளத்தில் நிறுத்தி, உறுதியான தாங்கிகளின் மேல் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் செல்வது உயிருக்கே ஆபத்து. சூடான எண்ணெய் தோலைச் சுட்டுவிடும் என்பதால் அது ஓரளவு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

கைமுறைக் கியர் பெட்டியில், எண்ணெய் ஊற்றும் துளையின் திருகை முதலில் கழற்ற வேண்டும். அதன் பிறகே வடிதுளையைத் திறக்க வேண்டும். மேல் திருகு துருப்பிடித்து இறுகியிருப்பது எண்ணெய் வடிந்தபின் தெரியவந்தால், மகிழுந்தை நகர்த்தவே இயலாமற்போகும். வடிதிருகின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. உலோகத் துண்டுகள் இருந்தால், உள்ளே பழுது உள்ளது என்று பொருள்.

புதிய எண்ணெயைக் குறிப்பிட்ட அளவே ஊற்ற வேண்டும். தானியங்கியில் அளவு குறைந்தால் எண்ணெயோடு காற்றும் உறிஞ்சப்படும். மிகுந்தால் நுரை பொங்கும். இரண்டும் கியர் பெட்டிக்குக் கேடு.

பழைய எண்ணெய்

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றினால் அது ஆற்றைச் சென்றடையும். மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் ஒழுங்குமுறை விதிகள், பயன்படுத்திய மசகு எண்ணெயைப் பட்டியலிடப்பட்ட கழிவுகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளன. ஆகவே, அதை மூடியுள்ள கலனில் அடைத்து, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உழைக்கும் பொருளைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கையேட்டை வாசித்தல், எண்ணெயின் நிலையை அறிதல், காலத்தோடு மாற்றுதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால், பழைய மகிழுந்தும் நெடுநாள் உழைக்கும்.

கருத்துணர் வினாக்கள்

1. தானியங்கி மகிழுந்தில் எண்ணெய் ஆற்றும் பணிகள் யாவை?
2. ஜிஎல்-5 எண்ணெய் எல்லாக் கியர் பெட்டிகளுக்கும் ஏற்றதன்று. ஏன்?
3. “பழியோ எண்ணெயின் மீது விழுகிறது” – இக்கூற்றை விளக்குக.
4. பழைய பொருளைப் பராமரிப்பது, புதியது வாங்குவது ஆகிய இரண்டில் எது சிறந்தது? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.