கொட்டையும் திராட்சையும்: இளம் கால்நடை மருத்துவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நாமக்கல்லிலோ ஒரத்தநாட்டிலோ படித்து முடித்து, மாடும் ஆடும் பார்த்துப் பழகிய கையோடு இப்போது நாய்களுக்கென்று கிளினிக் திறந்திருக்கும் உனக்கு இதை எழுதுகிறேன். தடுப்பூசி போட வருகிறவர்கள் நாயை மேசையிலிருந்து இறக்கும்போது கட்டாயம் ஒன்று கேட்பார்கள்: "டாக்டர், இதுக்குப் பழம் குடுக்கலாமா?" வெளியே கூட்டம் இருக்கிறதே என்று "கொஞ்சமாக் குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடாதே. இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பேசு. பின்னால் ஒரு அறுவை சிகிச்சையே அதனால் மிச்சமாகலாம்.

நாய்க்குப் பழம் அவசியமில்லை. நமக்கு வெளியிலிருந்து வரவேண்டிய வைட்டமின் சி-யை அதன் கல்லீரலே தயாரித்துக்கொள்கிறது. ஆனால் பழம் நறுக்கும்போது காலடியில் வந்து உட்கார்ந்து முகத்தையே பார்க்கிற ஜீவனுக்கு ஒரு துண்டு போடாமல் சாப்பிட யாருக்கும் மனம் வராது. அந்தப் பாசத்தைக் கண்டிக்காதே, அளவை மட்டும் சொல்லிக்கொடு. பத்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். தின்பண்டம் எல்லாம் சேர்த்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றே 100 கலோரி. ஆக அரைப் பழம்தான் கணக்கு. சர்க்கரை நோயுள்ள நாய்க்கு அதுவும் உன்னைக் கேட்டுத்தான்.

ஆப்பிள், பப்பாளி, தர்பூசணி எல்லாம் தோலும் விதையும் நீக்கிச் சிறு துண்டுகளாகக் கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். இவற்றுக்கு அதிக நேரம் செலவிடாதே. நீ நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டியவை இரண்டு.

ஒன்று மாங்கொட்டை. சித்திரை, வைகாசியில் சதையை நாம் தின்றுவிட்டு, "சப்பிக்கிட்டுக் கிடக்கட்டும்" என்று கொட்டையை நாய்க்குப் போடுவது பல வீடுகளில் வழக்கம். சிப்பிப்பாறை மாதிரிப் பெரிய நாயும் லாப்ரடாரும் அதைச் சப்பிக்கொண்டிருப்பதில்லை, அப்படியே விழுங்கிவிடும். கொட்டை சில நாள், சில சமயம் சில வாரம்கூட இரைப்பையிலேயே கிடக்கும். அதுவரை நாய் நன்றாகத்தான் இருக்கும். பிறகு குடலுக்குள் நகர்ந்து ஓரிடத்தில் அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுக்கும், தண்ணீர்கூடத் தங்காது, மலம் போகாது. வயிற்றைத் திறந்தால் அடைப்புக்கு முன்னால் குடல் உப்பியிருக்கும்; கொட்டை இருக்கிற இடத்தில் சுவர் கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். கொட்டை மேலுள்ள நார் அதற்குள் உள்சுவரோடு ஒட்டிப் பிடித்திருக்கும். தாமதமானால் அந்தத் துண்டுக் குடலையே வெட்டி எடுக்க வேண்டிவரும்.

எக்ஸ்ரேயில் எலும்பு போல இது பளிச்சென்று தெரியாது. படத்தில் ஒன்றுமில்லை என்று வாந்திக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பாதே, ஸ்கேன் எடுத்துப் பார். மாங்கொட்டையை விழுங்கிய நாயை வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வருகிற வழியில் உணவுக்குழாயில் சிக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இரண்டாவது திராட்சை. பச்சையானாலும் கருப்பானாலும், விதை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உலர்ந்ததானாலும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது. ஒரு நாய் ஒரு கொத்தைத் தின்றுவிட்டுத் துள்ளித் திரியும், இன்னொன்று சிலவற்றிலேயே படுத்துவிடும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று யாராலும் அளவு சொல்ல முடியாது. காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்காவின் விலங்கு நச்சு ஆலோசனை மையத்து மருத்துவர்கள் எழுதினார்கள். வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்குத் திராட்சை தின்றது போலவே சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அந்த மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு சேர்ந்திருந்தது. அதிலிருந்துதான் அவர்களுக்குத் துப்புக் கிடைத்தது.

அதே அமிலம் நிறைந்த பொருள் நம் அடுக்களையில் ஜாடி ஜாடியாக இருக்கிறது: புளி. புளி தின்ற நாய்களுக்கும் இதே பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. ரசஞ்சோறு தின்று வளர்ந்த நாய்களை ஊரெல்லாம் பார்க்கிறோம். அதைக் காட்டி யாரும் அலட்சியமாகப் பேசினால் ஒத்துக்கொள்ளாதே. கரைத்துக் கொதிக்கவைத்த ரசம் வேறு, முற்றத்தில் காயவைத்த புளியை நாய் இழுத்துத் தின்பது வேறு.

திராட்சை தின்ற நாய் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், பிறகு தேறியது போலவும் இருக்கும். க்ரியாட்டினின் ஏறுவதும் சிறுநீர் குறைவதும் ஒன்று முதல் மூன்று நாளில். அதனால் அறிகுறிக்குக் காத்திருக்காதே. நாய் நினைவோடு இருந்தால் உடனே வாந்தி எடுக்க வை, ரத்தம் எடுத்து வை, இரண்டு நாளாவது டிரிப்ஸ் ஏற்று, மூன்று நாள் ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார். வீட்டில் உப்புத் தண்ணீரை ஊற்றவேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடு. உப்பே உயிரை வாங்கிவிடும்.

இவையெல்லாம் உனக்குக் கேள்வி கேட்கத் தெரிந்தால்தான் பயன்படும். "என்ன குடுத்தீங்க?" என்றால் "ஒண்ணுமே குடுக்கல டாக்டர்" என்றுதான் வரும். பொய் என்று எடுத்துக்கொள்ளாதே, அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. "நேத்து வீட்டுல என்ன விசேஷம்? பாயசம் வச்சீங்களா? என்ன பழம் வாங்கினீங்க? கொட்டைய எங்க போட்டீங்க?" என்று கேள். கூட வந்திருக்கிற குழந்தையிடமும் பாட்டியிடமும் தனியாகக் கேள். பாயசத்திலிருந்த திராட்சையைப் பிடிக்காமல் பொறுக்கி மேசைக்கடியில் நீட்டியது அந்தக் குழந்தையாக இருக்கும். அதைத் திட்டாமல் விசாரி, திட்டினால் அடுத்த முறை வாயே திறக்காது.

மாம்பழ சீசன் தொடங்குமுன் கிளினிக் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டு: திராட்சை, புளி, கொட்டை எதையும் நாய்க்குப் போடாதீர்கள். கீழே உன் கைப்பேசி எண்ணையும் எழுது. விசேஷ நாள் இரவுகளில் அழைப்பு வரும். தயவுசெய்து எடுத்துப் பேசு.

அன்புடன்,
உன் மூத்த சகா