மாடிப்படிக்கு அடியில் லித்தியம் பேட்டரி வைக்கலாமா?

திசையன்விளை பக்கம் பல வீடுகளில் இன்வெர்ட்டருக்கு இடம் மாடிப்படிக்கு அடியில்தான். அங்கே இருந்த ஆசிட் பேட்டரியைத் தூக்கிட்டு இப்போ லித்தியம் பேட்டரி வைக்கிறாங்க. பக்கத்திலேயே இ-ஸ்கூட்டரும் சார்ஜ் ஏறுது. தண்ணி ஊற்ற வேண்டாம், எடை குறைவு, ஆயுள் அதிகம். எல்லாம் சரி. வைக்கிற இடம் சரியா?

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த இ-ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தாங்க.

உள்ளே என்ன நடக்குது?

செல்லின் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். அதுதான் செபரேட்டர். கூடவே எளிதில் தீப்பற்றும் எலக்ட்ரோலைட். ஓவர்சார்ஜ், பலமான அடி, தயாரிப்புக் குறை, எதனால் சூடானாலும் சரி, சுமார் 90 டிகிரி செல்சியஸில் ஆனோடு மேல் உள்ள பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கும். அந்த வினையே மேலும் வெப்பம் தரும். 130 டிகிரி வாக்கில் பாலிஎத்திலீன் செபரேட்டர் உருகும். உள்ளேயே ஷார்ட் சர்க்யூட். அதுக்கப்புறம் பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது. ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லுக்குத் தாவும். இதுதான் தெர்மல் ரன்அவே.

"எங்க வீட்டுல எல்.எஃப்.பி. பேட்டரி, அது எரியாது" என்பீங்க. என்.எம்.சி.யை விட அது அதிகச் சூடு தாங்கும், உண்மைதான். ஆனா எலக்ட்ரோலைட் அதிலும் எரியக்கூடியதே. வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் இருக்கும்.

இப்போ மாடிப்படியை யோசிங்க. புகை மேலே ஏறுவதும், மாடியில் தூங்குறவங்க கீழே இறங்க வேண்டியதும் அதே வழி.

செய்ய வேண்டியவை:

1. வெயிலும் மழையும் படாத, காற்றோட்டமான வெளிச்சுவர் ஓரமா வைங்க. படி, வாசல், படுக்கையறை வேண்டாம்.

2. பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் மோட் இல்லைன்னா மாட்டாதீங்க. நான்கு எல்.எஃப்.பி. செல் தொடருக்கு உச்ச சார்ஜ் 14.6 வோல்ட். அதைத் தாண்டவிட்டு, பி.எம்.எஸ். பார்த்துக்கும்னு இருக்கக்கூடாது, அது கடைசிக் காவல்.

3. உப்பின, கீழே விழுந்த, தண்ணி புகுந்த பேட்டரிக்கு சார்ஜ் போடாதீங்க.

4. புகை வந்தா அணைக்க நிக்காதீங்க. எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்து 101-ஐக் கூப்பிடுங்க. லித்தியம் பேட்டரின்னு மறக்காம சொல்லுங்க.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனதும் உங்க வீட்டு பேட்டரி எங்கே இருக்குன்னு ஒருமுறை பாருங்க. வெளியேறும் வழியில் இருந்தா, அன்னைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இடம் மாத்துங்க.