கீமோ நாட்களில் கணவன் மனைவி

குளுவாங்கிலிருந்தும் பத்து பகாட்டிலிருந்தும் கீமோவுக்காக ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கு வரும் தம்பதியர் மருந்து, சாப்பாடு, அடுத்த தேதி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்கள். படுக்கையறைக் கேள்வியை மட்டும் கூச்சம் தடுத்துவிடும். வீடு திரும்பியதும் பயத்தில் ஆளுக்கோர் அறை.

அதற்கு அவசியமே இல்லை. புற்றுநோய் தொற்றாது. அணைத்துக்கொள்ளலாம், ஒரே கட்டிலில் தூங்கலாம். கதிர்வீச்சுச் சிகிச்சையும் நடந்தால், வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடலில் தங்குவதில்லை. கதிரியக்க அயோடின் போல உள்ளே தரும் சிகிச்சைக்கு மட்டும் விலகியிருக்கும் நாட்கள் தனியாக உண்டு.

முதல் வேலை, நாள் கணக்கு. பலரும் தடுமாறுவது இங்கேதான். கீமோ மருந்து சிறுநீர், எச்சில், விந்து, பெண்ணுறுப்புத் திரவம் வழியாக வெளியேறப் பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரம் ஆகும். சில மருந்துகளுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். அதுவரை ஆணுறை கட்டாயம், வாய்வழி உறவுக்கும்தான். ட்ரிப் ஏறத் தொடங்கியதிலிருந்து எண்ணுவது தவறு. கடைசிச் சொட்டு இறங்கிய பிறகே எண்ண வேண்டும். பம்ப் மாட்டி வீட்டுக்கு அனுப்பினால், அதைக் கழற்றியதிலிருந்து. கேப்சிடபீன் போன்ற மாத்திரை என்றால், அந்தச் சுற்றின் கடைசி மாத்திரையிலிருந்து. இந்தக் கணக்கைத் துணைவர்தான் வைத்திருக்க வேண்டும். களைத்துக் கிடப்பவர் தலையில் அதையும் ஏற்றக்கூடாது.

அடுத்தது எண்ணெய். சிகிச்சையால் பெண்ணுறுப்பு வறண்டு வலிக்கும்போது கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். ஆணுறையோடு அது கூடவே கூடாது. லேடெக்ஸைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிக் கிழியவைக்கும். வாசலினும் பேபி ஆயிலும் அப்படியே. மருந்தகத்தில் தண்ணீரில் கரையும், வாசனை சேர்க்காத ஜெல்லைக் கேட்டு வாங்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்க்க வேண்டும். தட்டணு 50,000-க்குக் கீழே இருந்தாலோ (தாளில் 50 என்றிருக்கும்), வெள்ளணு மிகவும் இறங்கியிருந்தாலோ உடலுறவைத் தள்ளிப்போடுவதே பாதுகாப்பு. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மாதவிலக்கு நின்றுவிட்டதே என்று கருத்தடையை விட்டுவிடக்கூடாது. சிகிச்சை கணவனுக்கு என்றாலும், முடிந்து பல மாதங்கள்வரை கரு தங்கக்கூடாது. எத்தனை மாதம் என்பது மருந்தைப் பொறுத்தது. மார்பகப் புற்றுநோய் என்றால் ஹார்மோன் கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

வாய்விட்டுக் கேட்கக் கூச்சமா? “எங்கள் மருந்துக்கு எத்தனை நாள் ஆணுறை, எத்தனை மாதம் கருத்தடை?” என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை ட்ரிப் ஏற்றும் தாதியிடம் கொடுங்கள்.